முகாம்தளம் நடத்துவோருக்கு: மண்சரிவு எச்சரிக்கை வந்தால் அட்வான்ஸைத் திருப்பித் தாருங்கள்

மதிப்புக்குரிய முகாம்தள உரிமையாளர்களுக்கும், கொழும்பிலிருந்து அவர்களுக்காக புக்கிங் எடுப்பவர்களுக்கும்,

வணக்கம். இந்தப் போயா விடுமுறையிலும் அதுவே நடந்தது. வெள்ளி பின்னேரம் மண்சரிவு எச்சரிக்கை வந்தது. சனி விடிய வேன் ஏற இருந்தவர்கள் கேன்சல் பண்ணக் கேட்டார்கள். வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் பதில் வந்தது: ‘நோ ரிஃபண்ட்’. மற்ற விவரமெல்லாம் உங்களுக்குத் தெரியும். நாங்கள் முதலில் கேட்பது இதுதான். தங்கும் நாளில் அந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்கு இரண்டாம் அல்லது மூன்றாம் மட்ட எச்சரிக்கை இருந்தால், அல்லது பாதை மூடப்பட்டிருந்தால், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள்.

14 நாளுக்கு முன் சொன்னால் முழுக் காசு, 7 நாளுக்கு முன் சொன்னால் பாதி, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை என்பதுதான் வழக்கமாகக் காணும் விதி. மனம் மாறுகிறவருக்கு இது நியாயமான விதி. ஆனால் மண்சரிவு எச்சரிக்கையைக் கொடுப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அது பொதுவாக 24 மணித்தியாலத்துக்குத்தான் செல்லும். மாலை 4 மணிக்கு வந்தால் மறுநாள் மாலை 4 வரை. பெய்து முடிந்த மழையை அளந்துதானே அதைக் கொடுக்கிறார்கள்: 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. தாண்டினால் முதலாம் மட்டம், 100 தாண்டினால் இரண்டாம் மட்டம், 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 தாண்டினால், மூன்றாம் மட்டம். 7 நாளுக்கு முன்னரே இதை யாரால் சொல்ல முடியும்? எவராலும் நிறைவேற்ற முடியாத நிபந்தனையை வைத்து, அது நிறைவேறவில்லை என்று காசைப் பிடித்துக்கொள்வது சரியில்லை.

‘இங்கே மழை இல்லை, வாங்க’ என்று சொல்வதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். சரிவில் மண் நீரில் ஊறிவிட்டால் மழை விட்ட பிறகும் சரியும். ஓடைக்கரைத் தளங்களில் ஆபத்து இன்னும் கிட்ட. மேலே மலையில் கொட்டும், கீழே வெயில் அடிக்கும். தெளிந்த தண்ணீர் கலங்கும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், அதன் பின்னால் மட்டம் ஏறும். பிள்ளைகள் கூடாரத்துக்குள் தூங்கும் நேரத்தில் அந்தக் கலங்கலை யார் பார்த்துக்கொண்டிருப்பது? இரண்டாம் மட்டம் என்றால் அங்கே குடியிருப்பவர்களையே வெளியேறத் தயாராக இருக்கச் சொல்கிறார்கள். அந்த இடத்துக்குக் குடும்பத்தோடு வா, வராவிட்டால் காசு போய்விடும் என்பது, ஆபத்தையும் அட்வான்ஸையும் தராசில் வைக்கச் சொல்வது. பத்துப் பேருக்குக் கட்டிய காசு என்றால் சிலர் துணிந்து புறப்பட்டும் விடுகிறார்கள். எங்கள் கோபம் அதில்தான்.

‘திகதி மாற்றித் தருகிறோம்’ என்கிறீர்கள். 30 நாளுக்குள், வார நாளில் மட்டும், விலை கூடினால் மிச்சத்தையும் கட்டி. கித்துல்கலவுக்குத் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை. ஜூனில் தவறியதை ஜூலைக்கு மாற்றினால் அதே மழைக்குள்தான் போக வேண்டும். குறைந்தது ஆறு மாதம் கொடுங்கள், வார இறுதியும் சேர்த்து. அதுவும் கேட்பவருக்கு மட்டும். காசு கேட்பவருக்குக் காசைக் கொடுங்கள்.

உங்கள் பக்கமும் தெரியாமலில்லை. சாதாரண மழைக்குக் காசு திருப்பித் தரச் சொல்லவில்லை, மழை பெய்யாத மலை ஏது? வெள்ளிக்கிழமையே கோழியும் மரக்கறியும் வாங்கியிருப்பீர்கள், சமையல்காரருக்கு நாட்சம்பளம் பேசியிருப்பீர்கள். அந்தச் செலவைப் பில்லோடு காட்டிக் கழியுங்கள், ஒருவரும் மறுக்கமாட்டார்கள். மிச்சத்தை ஏழு வேலை நாளுக்குள், எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே போடுங்கள்.

இன்னொன்று. விதியை ஆங்கிலத்தில் மட்டும், படத்தின் அடியில் எறும்பு எழுத்தில் போடுகிறீர்கள். காசு தனியாள் பெயரிலுள்ள கணக்குக்குப் போகிறது. வங்கி ஸ்லிப்பின் படத்தை அனுப்பினால் ஒரு ‘ஓகே’ வருகிறது, ரசீது வருவதில்லை. பிரச்சினை என்றால் கொழும்பு இலக்கம் ‘சைட்டுக்குப் பேசுங்க’ என்கிறது, மீமுரே பக்கத்தில் சிக்னல் கிடைத்தால்தானே பேசுவது! தமிழிலும் சிங்களத்திலும் நான்கு வரி எழுதி, காசு வாங்குவதற்கு முன் அனுப்புவது பெரிய வேலையா? பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். மூன்று மாதத்துக்குள் அந்தச் சபையிடம் எழுத்தில் முறையிடலாம், 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அதுவரை போக வேண்டாம் என்றுதான் உங்களுக்கே முதலில் எழுதுகிறோம்.

அடுத்த நீண்ட விடுமுறைக்கு புக்கிங் திறப்பதற்கு முன், இந்த வரியை உங்கள் விதியில் சேர்த்துவிடுங்கள்: ‘இரண்டாம், மூன்றாம் மட்ட மண்சரிவு எச்சரிக்கை அல்லது பாதை மூடல் இருந்தால், எப்போது அறிவித்தாலும் அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்.’ சேர்த்ததும் அதை உங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்படி போடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கொழும்பிலிருந்து முகாமுக்கு வரும் குடும்பங்கள்