20 டிகிரியில் ஓர் அறை வேண்டும்: டிட்கோ நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனத்தின் (டிட்கோ) பெருமதிப்பிற்குரிய நிர்வாக இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரி டெல்டாவின் தலைமாட்டில், திருச்சியை அடுத்த துவாக்குடியில், கடைசல் பட்டறை நடத்திவருகிறேன். பெல் (பாரத மிகுமின்) நிறுவனத்துக்கு வேலை செய்தே வளர்ந்த பகுதி இது. 2019 ஜனவரியில் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்டபோது, ரேடாருக்கும் செயற்கைக்கோளுக்கும் வேண்டிய, அலைகளைப் பெருக்கித்தரும் நுண்ணலை வெற்றிடக் குழாய்களின் உறுப்புகளை நாங்களும் செய்யலாம் என்று நம்பினேன். அப்படி எடுத்த முதல் வேலை முழுவதும் திரும்பி வந்துவிட்டது.

ஆக்சிஜன் நீக்கிய செம்பில், 100 மில்லிமீட்டர் நீளத்தில், 5 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு) மேல் பிசகக் கூடாத துண்டுகள் அவை. சித்திரை மாதத்துப் பிற்பகலில், 38 டிகிரி வெக்கையில், எங்கள் எஃகு மைக்ரோமீட்டரில் எல்லாமே சரியாக இருந்தன. வாங்கியவரின் ஆய்வகத்தில், அளவியலுக்கென்று உலகெங்கும் வகுத்துள்ள 20 டிகிரியில் அளந்தபோது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 9 மைக்ரான் குறைந்து நின்றது. குளிரும்போது, அளக்கும் கருவியின் எஃகைவிடச் செம்பு அதிகமாகச் சுருங்கும் என்பது எங்களுக்குத் தெரியாததன்று. அந்த வேறுபாடே முழு வேலையையும் கெடுக்கும் அளவில் நாங்கள் அதுவரை வேலை செய்ததில்லை.

இந்தக் கண்டிப்பு வீணானதன்று. இத்தகைய குழாய் 220 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வேலை செய்தால், மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் ஏறக்குறைய 0.14 மைக்ரான் ஆழத்துக்குள்ளேயே ஓடுவதால், வெட்டுக்கருவி விட்டுச்செல்லும் வரி அதைவிட ஆழமாக இருந்தால் ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாகவே வீணாகிவிடும். செம்போ மென்மையானது, வெட்டும்போது விளிம்பில் பிசிறு எழும்பும், அரத்தால் எடுக்கப் போனால் விளிம்பே மழுங்கும், விட்டுவைத்தால் உயர் மின்னழுத்தத்தில் அந்த முனையிலிருந்தே பொறி பாயும். கந்தகம் கலந்த வெட்டெண்ணெயின் மிச்சம் வெற்றிடத்தைக் கெடுக்கும். செம்பில் ஆக்சிஜன் எஞ்சியிருந்தால், ஹைட்ரஜன் உலையில் பற்றாசு வைத்து இணைக்கும்போது உள்ளே நீராவி உண்டாகி உலோகமே வெடிப்பு விடும்.

ஆகவே, நான் கேட்பது எந்திரம் வாங்க மானியம் அன்று. நல்ல மில்லிங் எந்திரத்தைக் கடன் பட்டாவது நாங்கள் வாங்கிவிடுவோம். ஆனால் இரவும் பகலும் 20 டிகிரியில் நிற்கும், நெடுஞ்சாலை லாரிகளின் அதிர்வு எட்டாத தளமுடைய அறையையும், மேற்பரப்பின் வழவழப்பை ஒளியால் அளக்கும் கருவியையும் தனியொரு பட்டறை தாங்காது. அத்தகைய பொது அறை ஒன்றைத் துவாக்குடியில் அமைத்து, மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு எங்களுக்குத் திறந்துவிடுமாறு வேண்டுகிறேன். ராஜஸ்தானின் பிலானியிலுள்ள சீரி என்னும் மத்திய மின்னணுப் பொறியியல் ஆய்வகத்தில் இத்தகைய குழாய்களோடு பழகியவர்களில் ஒருவரையாவது ஆறு மாதம் இங்கே வரவழைத்தால், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூருக்குப் பேருந்து ஏறும் எங்கள் பிள்ளைகள் அவரிடம் தொழில் கற்பார்கள்.

திரும்பி வந்த துண்டுகளை எண்ணெய் துடைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தங்கள் அலுவலர்கள் எந்த நாளில் வந்தாலும், அவற்றையும் அன்று எழுதிய அளவுக் குறிப்பேட்டையும் காட்டக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
துவாக்குடிப் பட்டறைக்காரன்