ஆழ்கடலைத் தோண்டும் முன் யோசிக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆழ்கடல் கனிமங்களைத் தோண்டியெடுக்க வேண்டும் என்ற உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். நிக்கல், கோபால்ட், தாமிரம் நமக்குத் தேவை, சரி. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில் ஆய்வு செய்யும் உரிமையும் இந்தியாவிடம் இருக்கிறது. ஆனால் அங்கே கிடக்கும் மாங்கனீசு முடிச்சுகள் (இந்த உலோகங்கள் அடங்கிய, உருளைக்கிழங்கு அளவுக் கட்டிகள்) பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும், அதன்மேல் ஒட்டி வாழும் உயிர்களுக்கு வேறு இடம் கிடையாது. பெரு நாட்டுக்கு அப்பால் 1989-இல் சோதனைக்காக உழுத தடங்கள் 2015-இல் போய்ப் பார்த்தபோதும் அப்படியே இருந்தன.

கடலடியைத் தோண்டினால் சேறு கலங்கும். அது என்ன செய்யும் என்பதை இங்கே மும்பைக் கரையிலேயே கண்டேன். பக்கத்தில் கட்டுமானம் நடந்த சமயம் பாறைகளில் விரல் கனத்துக்கு வண்டல் படிந்து, சிப்பி கொத்த வந்த கோலி மீனவப் பெண்கள் வெறுங்கூடையோடு திரும்பினார்கள். கரையிலாவது கேட்க ஆள் உண்டு, 5,000 மீட்டர் ஆழத்தில் யார் பார்ப்பது? எனவே இந்தியாவின் ஆழ்கடல் ஆய்வுப் பகுதியின் சுற்றுச்சூழல் ஆய்வுத் தரவுகளை அரசு முழுமையாக வெளியிடட்டும். அதுவரை, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலடியில் சுரங்க வேலையை ஒழுங்குபடுத்தும் சர்வதேச கடற்படுகை ஆணையத்தில் வணிகச் சுரங்கத்தை நிறுத்திவைக்கும் பக்கம் இந்தியா நிற்க வேண்டும். அப்புறம், பழைய கைபேசி பேட்டரிகளிலிருந்து கோபால்ட்டை மீட்கும் வேலைக்கும் தாராளமாகப் பணம் ஒதுக்கலாம்.

– ஒரு வாசகர், செம்பூர், மும்பை