டி.என். 31ஐப் பார்த்து லாரியை நிறுத்தியவருக்கு

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் தாபோ பக்கம், காலையில் எங்கள் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துவிடுமாம். கடலூர் வெயிலில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்!

நம்பர் பிளேட்டைப் பார்த்து, "கடலூரா சார்?" என்று லாரியை ஓரங்கட்டினீர்கள். அந்தக் குளிரில் தமிழ் கேட்டதே பாதித் தெம்பு. ஃபில்டரில் துணியைச் சுற்றி, பிளாஸ்க்கில் இருந்த வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினீர்கள். கையுறையைக் கழற்றிய விரல்கள் சிவந்தேபோயின. அப்புறம், "ராத்திரி வண்டியைக் கிழக்கே பார்த்து நிறுத்துங்க, காலை வெயில் முதலில் எஞ்சினில் விழணும்" என்றீர்கள். அந்தப் பள்ளத்தாக்கிலேயே இருக்கும் காசா ஊர் வரைக்கும் அதுதான் கைகொடுத்தது.

பணம் வாங்கவில்லை, பேரும் சொல்லவில்லை. பண்ருட்டிப் பக்கம் என்றீர்களே, ரொம்ப நன்றி அண்ணே. ஊருக்கு வந்தால் மஞ்சக்குப்பம் வாங்க, மீன் குழம்பு எங்கள் பொறுப்பு.