கோழிக்குஞ்சும் பிரம்பு சாரும்

அன்புள்ள சேகர்,

எட்டு மாதம் எழுதாமல் இருந்துவிட்டு இப்போது சண்டைக்கு வருகிறேன். இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்கு வேலை கிடைத்துவிட்டது.

நம் பள்ளி வாத்தியார் பிரம்பு சார் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த செய்திக்குக் கீழே நம் வாட்ஸ்அப் குழுவில் 'ஜஸ்ட் டிசர்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் போட்டாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். முதலில் எழுத்துப்பிழை. அந்தச் சொல்லின் நடுவில் ஒரு எஸ்தான். நீ இரண்டு போட்டதும் சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்பாகிவிட்டது. முட்டை போண்டா காலத்திலிருந்தே உனக்கு இதே நினைப்பு! நீ சொல்ல வந்தது 'டிசர்வ்' என்ற சொல்லின் உடன்பிறப்பு, பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ஒருவனுக்குச் சேரவேண்டியது என்று பொருள்.

அன்றிரவு தூக்கம் வராமல் செய்தது செய்தவனுக்கே திரும்பும் என்கிற வகை ஆங்கிலத் தொடர்களையே புரட்டிக்கொண்டிருந்தேன். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில், ஒருவன் தன் 'பெட்டார்ட்'டாலேயே தூக்கப்படுவான் என்று வருமே, நினைவிருக்கிறதா? தூக்குக்கயிறு என்று நீ அடித்துச் சொன்னாய். கோட்டைக் கதவைத் தகர்க்கும் சின்ன வெடிகுண்டாம் அது. திரி கொளுத்தியவனையே சில சமயம் தூக்கி எறிந்துவிடும். சொல்லின் வேர் பிரெஞ்சில் குசு விடுவது. இதை வகுப்பில் சொல்லியிருந்தால் ஒருவனும் மறந்திருக்க மாட்டான்.

கோழிகள் அடைய வீட்டுக்கு வரும் என்ற தொடர்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. செய்த வினை திரும்பும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். 1810இல் ராபர்ட் சௌதி என்ற ஆங்கிலக் கவிஞர் தன் காவியத்தின் முகப்பில் போட்ட வாசகத்தில் திரும்பி வருவது சாபம். சாபங்கள் கோழிக்குஞ்சு மாதிரி, எப்போதும் வீட்டுக்கே அடைய வரும் என்கிறது. 1963இல் கென்னடி கொலையான ஒன்பதாம் நாள் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அந்தக் கொலையையே, கோழிகள் அடைய வீட்டுக்கு வந்தது என்று பேசினார். அவருடைய இயக்கமே அவரைத் தொண்ணூறு நாள் பேசக்கூடாது என்று நிறுத்திவைத்தது.

சேகர், உன் முழங்கைத் தழும்பை நான் மறக்கவில்லை. அவர் அடித்தது தப்பு, இன்றும் தப்புதான். ஆனால் குண்டு வெடித்தது அதைக் கொளுத்தியவன் கையில். சார் வழுக்கி விழுந்தது ஈரப் படியில். அதற்கும் உன் கைக்கும் என்ன சம்பந்தம்?

நேற்று பார்க்கப் போனேன். கட்டிலை விட்டு அசைய முடியவில்லை. அவர் மகன் ஃபோனைக் காட்டி, "இந்தச் சேகர் அண்ணன் யாரு?" என்று கேட்டான். அவனும் நம் குழுவில் இருப்பது உனக்குத் தெரியாதா? எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இன்றைக்கே அதை அழித்துவிடு. அப்புறம் அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசு. எண் கீழே எழுதியிருக்கிறேன்.

உன்,
குமார்