சிவப்பு லைற்றுக்கு முன்னால் எங்களோடு நின்றவர்களுக்கு நன்றி

அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

அச்சுவேலியில் நாங்கள் நடத்தும் சிறிய நெல்லிரச ஆலையின் போத்தல் நிரப்பும் லைன் போன வாரம் நடுவேலையில் நின்றதும், அடுத்த நாளே திரும்ப ஓடியதும் பலருக்குத் தெரியும். "ஏதோ கடவுள் புண்ணியம்" என்று கேட்டவர்களுக்குச் சொல்லி வந்தேன். அந்தப் புண்ணியத்தில் பங்குள்ள மனிதர்களையும் சொல்லத்தானே வேண்டும்.

முதல் நன்றி, காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் மின்பகுதியில் வேலை செய்த எங்கள் அயலவர் ஐயாவுக்கு. 1990இல் அந்த ஆலை மூடப்பட்ட பிறகு தோட்டம், கோவில் என்று இருப்பவர். அவருடைய காலம் ரிலே, கொன்ராக்டர் என்ற பழைய மின் சுவிட்சுகள்தான். எங்களுடையதோ ஜேர்மனியில் பாவித்து இங்கே வந்த லைன். அதை ஓட்டுவது சீமென்ஸ் எஸ்7-300 பிஎல்சி, அதாவது மெசினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கொம்பியூட்டர். அதன் மூளைதான் சிபியு. அவர் வருவதற்கு முன்பே கொழும்பில் இருந்து ஒருவர் போனிலேயே "சிபியு போயிட்டுது, புதுசு போடவேணும்" என்று விலையும் சொல்லி முடித்திருந்தார்.

ஐயா வந்து எதையும் தொடவில்லை. ஒரு கொப்பித் தாளை வாங்கி, பனலில் இருந்த சின்ன லைற்றுகளை மேலிருந்து கீழாக எழுதினார். எஸ்எஃப் சிவப்பு, விடாமல் எரிகிறது. பிஎஃப் சிவப்பு, விட்டுவிட்டு மினுங்குகிறது. டிசி5வி பச்சை. ரன் அணைந்துவிட்டது. ஸ்ரொப் மஞ்சள். "தம்பி, பச்சை எரியுது. அப்ப உள்ளுக்குள்ள கரண்ட் சரி. இதைக் கழட்டாதையும்" என்றார். சிபியுவுக்கும் அதோடு ஒட்டி நிற்கும் மொடியூல்களுக்கும் போகும் 5 வோல்ட் ஒழுங்காக இருக்கிறது என்பதைத்தான் அந்தப் பச்சை சொல்கிறது. சிபியு நல்லது என்பதற்கு அது முழுச் சாட்சி இல்லைத்தான். ஆனாலும் காசைக் கொட்டுவதற்கு முன் வேறு இடம் தேட அது போதும்.

இரண்டாவது நன்றி ஜேர்மனியில் இருக்கும் மச்சானுக்கு. வேலை முடிந்து வந்த களைப்போடு வட்ஸ்அப்பில் இருந்தான். நாங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்ததும், "படத்தில மினுங்கிறது தெரியாது, வீடியோ எடுத்து அனுப்பு" என்றான். விஷயமே அந்த மினுக்கத்தில்தான் இருந்தது. பிஎஃப் விடாமல் எரிந்தால் பெரும்பாலும், சிபியுவையும் லைனில் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும் பேச வைக்கும் புரொஃபிபஸ் கேபிளிலோ இணைப்பிலோ கோளாறு. மினுங்கினால், அதில் கோர்த்திருக்கும் பெட்டிகளில் ஏதோ ஒன்றாவது பதில் சொல்லவில்லை. எஸ்எஃப் பொதுவான எச்சரிக்கை. அதை மட்டும் வைத்து ஒன்றும் பிடிக்க முடியாது.

எங்கள் லைனில் அந்த ஊதா நிறக் கேபிள் பனலில் இருந்து முதலில் நிரப்பும் பெட்டிக்கும், பிறகு மூடி போடும் பெட்டிக்கும், கடைசியாக லேபல் பெட்டிக்கும் போகிறது. மூன்றையும் திறந்து பார்த்தோம். மூன்றிலும் பச்சை எரிந்தது, ஆக 24 வோல்ட் வருகிறது. நிரப்பும் பெட்டியில் சிவப்பு இல்லை. அதற்குப் பிறகு உள்ள இரண்டிலும் பிஎஃப் சிவப்பு. இதைச் சொன்னதும் மச்சான் சிரித்துவிட்டான். "முதல் பெட்டியின்ர பிளக்கில ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும், பார்."

இருந்தது. நகத்தால் தள்ளுகிற அளவுதான். கேபிளின் இரண்டு அந்தத்திலும் அது ஓன் பக்கம் நிற்க வேண்டும், நடுவில் இருப்பவை ஓஃப். நடுவில் உள்ள ஒன்றை ஓன் ஆக்கினால், அங்கிருந்து வெளியே போகும் கேபிளை அந்த பிளக்கே துண்டித்துவிடும். நிரப்பும் பெட்டியில் அது ஓன் பக்கம் நின்றது. கழுவிய பிறகு ஈரம் போகட்டும் என்று பெட்டிகளைத் திறந்து துடைப்பது இங்கே வழக்கம், துணி பட்டிருக்கும். யார் என்று விசாரிக்கவில்லை, விசாரிக்கவும் மாட்டோம். சுவிட்சைத் தள்ளியதும் இரண்டு பெட்டிகளிலும் சிவப்பு அணைந்தது. சிபியுவின் சாவியை ஸ்ரொப்பில் வைத்து மறுபடி ரன்னுக்குக் கொண்டுவந்தோம், லைன் ஓடியது.

மூன்றாவது, கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள பொறியியல் பீடத்தில் படிக்கும் தம்பி. லப்டொப்பும் கேபிளும் கொண்டு பஸ் ஏறி வந்தார். இடையில் யாரோ "மெமரி ரீசெற் பண்ணிப் பாருங்கோ" என்று சொல்ல, நாங்களும் அந்த எம்ரெஸ் சாவிக்குக் கை நீட்டும் நேரம், தடுத்தது அவர்தான். புரோகிராம், மெமரி கார்ட்டில் இருந்து திரும்ப ஏறும், ஆனால் நாங்கள் காலப்போக்கில் திருத்தி வைத்த நிரப்பும் அளவுகள் பழையபடி ஆகிவிடும் என்றார். சிபியு நடந்ததைப் பதிந்து வைக்கும் டயக்னொஸ்ரிக் பஃபரைத் திறந்து, பெட்டியின் தொடர்பு விட்டுப்போனதும், அப்படி நேர்ந்தால் ஓட வேண்டிய ஓபி86 என்ற புரோகிராம் துண்டு இல்லாததால் சிபியு ஸ்ரொப்புக்குப் போனதும் வரிசையாக எழுதியிருப்பதைக் காட்டினார். வெறும் ஓபி86 ஒன்றைப் போட்டுவிட்டால் இனி நிற்காதே என்று கேட்டேன். மறுத்துவிட்டார். மூடி போடும் பெட்டி பேசாமல் இருக்க, லைன் மட்டும் ஓடினால் போத்தல் உடையும், கையும் போகலாம். அவர் சொன்னது சரி, நிற்பதே நல்லது.

அப்புறம், பிழிந்த சாறு பழுதாகாமல் ஐஸ் அனுப்பிய மயிலிட்டி நண்பருக்கு நன்றி. மீன் மணம் ஏறாத புதுப் பெட்டிகளாகப் பார்த்துத் தந்தது அவருடைய பெருந்தன்மை. ஓடர் பிந்தியும் முகம் சுளிக்காத கடைக்காரர்களுக்கும், பின்னேரம் வரை வீட்டுக்குப் போகாமல் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற எங்கள் வேலையாட்களுக்கும் நன்றி.

ஐயா கூலி வாங்கவில்லை. கொடுத்த நெல்லிரசப் போத்தல்களையும் "எனக்குச் சீனி வருத்தம்" என்று பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். அவர் எழுதிய தாளை பனல் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறோம். தம்பி வைத்திருப்பதைப் போன்ற புரோகிராமிங் கேபிள் ஒன்றும் இப்போது எங்களிடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இதே பிஎல்சி வைத்திருப்பவர்கள் வந்து இரவலாக எடுத்துப் போகலாம்.

நன்றியுடன்,
நெல்லிரச ஆலையினர்,
அச்சுவேலி.