மட்டையைப் பற்றி

நீடாமங்கலம்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

குறுவை நடவு முடிந்தது. மற்ற விவரங்களைப் பிறகு எழுதுகிறேன். சின்னவன் பேஸ்பாலில் அடித்த ஹோம் ரன்களைக் கடைத்தெரு வரை சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். சென்ற முறை வீடியோவில், "அப்பா மட்டையை உருட்டக் கொடுத்து வாங்கி வந்தார்" என்று அவன் சொன்னதும் நீ போனை வாங்கிக்கொண்டாய். அதன்பின் மூன்று ஞாயிறுகள் நீ கூப்பிடவில்லை. வேலை மிகுதி என்றே நினைக்கிறேன்.

விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நாரும் பிசினும் சேர்த்துச் செய்த காம்போசிட் மட்டையை இரண்டு உருளைகளுக்கிடையே அழுத்தி எடுத்தால் உள்ளிருக்கும் நார்ப்பிடிப்பு தளர்ந்து, பந்து பட்ட இடம் அமுங்கி மீண்டு அதை வேகமாகத் தள்ளுமாம்; முனை மூடியைக் கழற்றி உட்சுவரைக் கடைந்து மெலிதாக்குவோரும் உண்டாம். மரமட்டையின் அளவுக்கு மேல் பந்து பாயக் கூடாது என்றுதானே, அவன் வயதுப் பிள்ளைகளின் இத்தகைய மட்டைகளுக்கு சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக் 2018 ஜனவரி 1 முதல் யு.எஸ்.ஏ. பேஸ்பால் முத்திரையைக் கட்டாயமாக்கியது? உருட்டிய பிறகும் முத்திரை மட்டும் அப்படியே இருக்கும். பத்து வயதில், அடியில் மெழுகு அப்பிய மரக்காலைக் களத்தில் பத்துப் பேர் முன்னிலையில் கவிழ்த்துக் காட்டியவன் நீ.

பந்து வீசும் பிள்ளை 46 அடியில் நிற்கிறான். நம் கிரிக்கெட்டில்கூட 66 அடி. வீசிய வேகத்தில் இன்னும் முன்னே வந்துவிடுவான், முகத்துக்குக் கவசமும் இராது. அந்த மட்டையை எடுத்து வைத்துவிடு, தம்பி.

உன் சித்தப்பாவின் இடது கண்ணை மாடு முட்டியதாகவே நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். முட்டவில்லை. தெற்குத் தெருப் பிள்ளைகளை வெல்ல வேண்டும் என்று, வீச்சு வலையின் ஈயக்குண்டை உருக்கிக் கிட்டிப்புள்ளில் துளையிட்டு ஊற்றி, வெளியே தெரியாமல் மெழுகு பூசினேன். எதிரே பிடிக்க நின்றவன் அவன்தான். வழக்கமான புள் என்று நம்பிக் கையை நீட்டினான். மாடு என்ற பொய்யை ஆத்தாவிடம் முதலில் சொன்னதும் அவனே, அப்போது அவனுக்கு ஒன்பது வயது. இன்றுவரை அவன் அதை மாற்றிச் சொன்னதில்லை, நானும் வாய் திறந்ததில்லை.

அந்த மட்டையை எடுத்து வைத்துவிடு. சின்னவன் கேட்டால் தாத்தா சொன்னார் என்று சொல். ஞாயிற்றுக்கிழமை காலை உன் சித்தப்பா இங்குதான் இருப்பான்; கூப்பிடு.

அன்புடன்,
அப்பா