பொட்டலம் கொடுத்த பிறகு சபையின் வேலை என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகை நாட்களிலும் பேரிடர் வேளைகளிலும் கிறிஸ்தவ சபைகள் உணவும் உடையும் வழங்கும் படங்கள் நாளிதழ்களில் தவறாமல் வருகின்றன. அந்த உதவியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பசியோடு இருப்பவருக்கு முதலில் உணவுதான் வேண்டும். ஆனால் அதே குடும்பம் அடுத்த ஆண்டும் அதே வரிசையில் நின்றால், சபை அந்த வட்டாரத்துக்கு உதவியிருக்கிறது, அதை மாற்றவில்லை என்றே பொருள். மாற்றத்துக்கு வேறு விதமான உழைப்பு வேண்டும். சபைப் பொறுப்பில் இருக்கும் வாசகர்களுக்குப் பயன்படலாம் என்று இதை எழுதுகிறேன்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தைப் பல சபைகள் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொள்கின்றன, நிர்வாகத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. எருசலேமின் முதல் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டுப் போனார்கள், முறுமுறுப்பு எழுந்தது. பொறுப்பேற்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்ட தரப்பிலிருந்தே பங்கீட்டுப் பொறுப்பாளர்கள் வந்தார்கள் என்று இதிலிருந்து ஊகிக்க இடமுண்டு. ஒரு சபையின் சேவைத் திட்டத்தைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான்: முடிவெடுக்கும் மேசையில், உதவி பெறுகிறவர்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? பெரும்பாலும் ஒருவரும் இருப்பதில்லை. அடுத்து நான் சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு மேல் அங்கேதான் தொடங்குகின்றன.

திட்டம் தீட்டுவதற்கு முன் மூன்று மாதம் கேட்க வேண்டும். ஆலய வாசலிலிருந்து கால்மணி நேரம் நடந்தால் எட்டும் தூரத்தை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் விரித்தால் யாரையும் முகம் தெரிந்து பழக முடியாது. இருவர் இருவராகப் போக வேண்டும். ஒருவர் பெண்ணாக இருந்தால் வீட்டுப் பெண்களும் பேசுவார்கள். படிவம் வேண்டாம், நான்கு கேள்விகள் போதும். இங்கே வாழ்வதில் எது பிடித்திருக்கிறது? எந்தக் கவலை தூக்கத்தைக் கெடுக்கிறது? அவசரம் என்றால் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்? பிறருக்குக் கற்றுக்கொடுக்கக்கூடிய எந்த வேலை உங்களுக்குத் தெரியும்? மூன்றாம் கேள்வி மிக முக்கியமானது. பல வீடுகளில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அவர்தான் அந்த வட்டாரத்தின் உண்மையான தலைவர். அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் அவரில்லாமல் எதையும் தொடங்கக் கூடாது. நான்காம் கேள்வி, எதிரே இருப்பவர் கையேந்துபவர் அல்ல, கைத்திறன் உள்ளவர் என்பதை இரு தரப்புக்கும் நினைவூட்டுகிறது.

நாற்பது, ஐம்பது வீடுகளில் பேசியதும் பதில்கள் திரும்பத் திரும்ப வரத் தொடங்கும். அப்போது நிறுத்திக்கொள்ளலாம். கேட்டதை அன்று மாலையே, பெயர் குறிப்பிடாமல் எழுதிவைக்க வேண்டும். ஞாயிறு பிற்பகலில் மட்டும் போவது வழக்கமான தவறு. இரவு வேலைக்காரர்களும் வீட்டு வேலைக்குப் போகிறவர்களும் அதில் கண்ணில் படாமலே போவார்கள். தேவை அதிகம் உள்ளவர்களும் பெரும்பாலும் அவர்களே. பள்ளி ஆசிரியர்கள், செவிலியர்கள், துப்புரவுப் பணியாளர்கள், கடைக்காரர்கள் ஆகியோரிடம் தனியாகப் பேச வேண்டும். யார் கடன் சொல்லிப் பொருள் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது கடைக்காரருக்கு மற்ற எல்லோருக்கும் முன்பே தெரியும்.

இதன் பிறகு ஒரே ஒரு வேலையை மட்டும் எடுக்க வேண்டும். அதே வேலையைக் கோவிலோ மசூதியோ தொண்டு அமைப்போ ஏற்கெனவே செய்துகொண்டிருந்தால், அங்கே போய்க் கைகொடுப்பதே சரி. பக்கத்திலேயே இன்னொரு பலகையை மாட்டினால் தன்னார்வலர்களும் நன்கொடையும் இரண்டாகப் பிரிவதுதான் மிச்சம்.

சபையிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால் உண்டியலைத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரிய சொத்து, வாரத்தில் ஆறு நாள் காலியாகக் கிடக்கும் கட்டடம். கூடம், நாற்காலி, தண்ணீர், கழிப்பறை, கூடவே ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கணக்கர்களும். இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் 1780இல் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளி, வாரம் முழுக்க உழைத்த பிள்ளைகளுக்கு, அவர்களுக்கு ஓய்வு கிடைத்த ஒரே நாளில் எழுத்தறிவு கொடுத்தது. பிள்ளைகளின் நேரத்துக்குத் தன்னைப் பொருத்திக்கொண்டதே அதன் பலம்.

இன்று மாலைநேர வகுப்பு நடத்த விரும்பும் சபைக்கும் அதே பாடம் பொருந்தும். பிள்ளைகளை வகுப்பு வாரியாகப் பிரிக்காமல் வாசிப்புத் திறன்படி பிரிக்க வேண்டும். எழுத்து, சொல், சிறு பத்தி, ஒரு பக்கக் கதை என நான்கு படிகளில் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். ஆறாம் வகுப்பில் இருந்துகொண்டு சொல்லளவில் தடுமாறும் பிள்ளைக்கு ஆறாம் வகுப்புப் பாடத்தைத் திணிப்பதில் பயனில்லை. ஒரு தன்னார்வலருக்கு ஐந்து அல்லது ஆறு பிள்ளைகள், வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சோதித்துக் குழுக்களை மாற்ற வேண்டும். வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுக்கும் இடமாக வகுப்பு மாறும்போது திட்டம் கெட்டுப்போகிறது. நோட்டுப் புத்தகம் நிறையும், ஆனால் வாசிப்பு நின்ற இடத்திலேயே நிற்கும். இன்னொரு பலவீனம், கற்பிப்பவர்களில் கல்லூரி மாணவர்கள் அதிகம் இருப்பது. அவர்களுக்குத் தேர்வு வந்ததும் குழுக்கள் அநாதையாகிவிடும். ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு பேரை முதலிலேயே நியமித்துவிட்டால் இது நேராது.

பிள்ளைகள் வரும் இடத்தில் பாதுகாப்பு விதிகள் எழுத்தில் இருக்க வேண்டும். தனி ஒரு பெரியவர் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்திருக்க வேண்டும். புதிதாக வருபவர் எவ்வளவு பக்தி உள்ளவரானாலும், அவரை அறிந்த இருவரிடம் விசாரித்த பிறகே சேர்க்க வேண்டும். பிள்ளைகளோடு தனிப்பட்ட கைபேசிச் செய்திகள் கூடாது. புகார் வந்தால் அன்றே உரிய அரசு அதிகாரியிடம் சொல்ல வேண்டும். சபையின் பெயர் கெட்டுவிடுமே என்று கமிட்டிக்குள் பேசி முடிப்பது பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை. இதில் நான் எந்த விட்டுக்கொடுப்பையும் ஏற்கமாட்டேன்.

உணவளிக்கும் சபைகள் கவனிக்க வேண்டியவை வேறு. சூடான உணவு பரிமாறும் வரை 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிரூட்டிய உணவு 5 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. இடைப்பட்ட வெப்பத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் இருந்ததை, மனம் வராவிட்டாலும், கொட்டிவிட வேண்டும். மீந்ததை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் நல்லெண்ணத்தில்தான் பெரும்பாலும் வயிற்றுக்கோளாறு வருகிறது. உலர்பொருளைக் கட்டிய பையாகக் கொடுப்பதைவிட அலமாரியில் அடுக்கி, வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்ளச் செய்வது மேல். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும் சர்க்கரை நோயாளிக்கும் அடுப்பே இல்லாதவருக்கும் ஒரே பை எப்படிப் பொருந்தும்? வரிசையில் நிறுத்தாமல் மேசையில் உட்கார வைத்து, பரிமாறும் முறைப்பட்டியலில் சாப்பிட வருகிறவர்களின் பெயரையும் சேர்த்தால் அந்தக் கூடத்தின் சூழலே மாறிவிடும்.

கடன்தான் குடும்பங்களை நெரிக்கிறது என்று தெரிந்தால் சேமிப்புக் குழு நல்ல வழி. கேர் (CARE) என்ற பன்னாட்டுத் தொண்டு அமைப்பு நைஜர் நாட்டில் 1991இல் தொடங்கிய முறை இதற்கு நல்ல முன்மாதிரி. 15 முதல் 25 பேர் வாரந்தோறும் கூடி, தங்களால் முடிந்ததைப் பெட்டியில் போடுகிறார்கள். தேவைப்படும் உறுப்பினர் அதிலிருந்தே கடன் வாங்கி, வட்டியோடு திருப்பிக் கட்டுகிறார். பெட்டிக்கு மூன்று பூட்டு. சாவிகள் மூன்று வெவ்வேறு உறுப்பினர்களிடம். கொடுக்கல் வாங்கல் எல்லாம் கூட்டத்தின் கண்முன்னே நடக்கும். 9 முதல் 12 மாதத்தில் சேமிப்பும் வட்டியும் அவரவர் பங்குப்படி பிரிக்கப்பட்டுக் கணக்கு முடியும், பின் புதிய சுற்று தொடங்கும். சபை இங்கே செய்யக் கூடாத ஒன்று உண்டு. குழு வேகமாக வளரட்டும் என்று காணிக்கைப் பணத்தைப் பெட்டியில் போடக் கூடாது. அக்கம்பக்கத்தாரின் சேமிப்பைத் திருப்பிக் கட்டாமலிருக்க எவருக்கும் கூச்சம் இருக்கும். சபைப் பணம் என்றால் அந்தக் கூச்சம் இருக்காது. இடம் கொடுப்பதும் கணக்கெழுதக் கற்றுக்கொடுப்பதும் போதும்.

துயரத்தில் உடனிருப்பதைப் பற்றிக் கொஞ்சம். லண்டனில் 1953இல் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குரு, தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்களுக்காகத் தொலைபேசிச் சேவை தொடங்கினார். அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களோடு உட்கார்ந்து பேசிய தன்னார்வலர்களே பலருக்குப் போதுமான ஆறுதலாக இருந்ததைக் கண்டு, அடுத்த ஆண்டே அந்தப் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படித்தான் வேர்விட்டது. கவனமாகக் கேட்கத் தெரிந்த சாதாரண உறுப்பினர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். இறப்பு நடந்த வீட்டுக்கு முதல் வாரம் எல்லோரும் போகிறார்கள். மூன்றாம் வாரமும் மூன்றாம் மாதமும் முதல் நினைவு நாளும்தான் ஆள் இல்லாத நாட்கள். அந்தத் தேதிகளைக் குறித்துவைத்து, ஒரே ஆள் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

இனி பணம். எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையைப் பவுல் தனியாகக் கையாளவில்லை. யாரும் குறை சொல்ல இடமிருக்கக் கூடாது என்று, சபைகள் தேர்ந்தெடுத்தவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டதை இரண்டாம் கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் காணலாம். அவருக்கே அது தேவைப்பட்டதென்றால் நமக்கு எவ்வளவு தேவை! சேவை நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். கையெழுத்திடும் மூவரில் இருவர் ஒப்புதல் இல்லாமல் பணம் வெளியே போகக் கூடாது, அந்த மூவரும் ஒரே குடும்பத்தவராக இருக்கக் கூடாது. காணிக்கையை உறவினர் அல்லாத இருவர் அன்றே எண்ணிக் கையெழுத்திட வேண்டும். வாடகை, கல்விக் கட்டணம், மருந்துச் செலவு ஆகியவற்றை உரியவரிடம் நேராகச் செலுத்தலாம். சிறு தொகை என்றால் கையில் கொடுத்துவிடலாம். அதற்கும் ரசீதைத் துருவிக்கொண்டிருந்தால் மானத்தை வாங்குவதாகிவிடும். உதவி பெற்றவரின் பெயர் கூட்டக் குறிப்பில் வரக் கூடாது, எண் போதும். அவசர விண்ணப்பத்துக்கு இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். போதகர் கையில் மட்டும் பணப்பை இருப்பது அவருக்கும் நல்லதல்ல. கடன் கேட்க வேண்டியவரிடமே மனப்பாரத்தை இறக்கிவைக்க யாருக்கும் தயக்கமாக இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை அறிவிப்புப் பலகையில், வெளியாரும் படிக்கும்படி ஒட்ட வேண்டும்.

சபையின் உதவிக்குப் பின்னால் மதமாற்ற நோக்கம் உண்டா என்ற கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். உணவுக்கு முன் கட்டாய ஜெபக்கூட்டம், வருகைப் பதிவைப் பார்த்து உதவித்தொகை என்பதெல்லாம் தவறு. பசித்தவரிடம் பேரம் பேசுவது நற்செய்தி ஆகாது. ஒருவர் தாமாக ஜெபிக்கச் சொன்னால் ஜெபிக்கலாம். ஆராதனை நேரம் கேட்டால் சொல்லலாம். விசுவாசத்தை மறைக்க வேண்டியதில்லை, அதை உதவியோடு முடிச்சுப் போடவும் கூடாது. படம் எடுப்பதிலும் இதே நாணயம் வேண்டும். உதவி வாங்கும் கை படத்தில் வரவே வேண்டாம்.

திட்டங்கள் ஏன் சாகின்றன என்று பார்த்தால், பணமில்லாமல் போவதைவிட ஆள் மாறுவதும் ஆள் களைப்பதும்தான் முக்கியக் காரணங்கள். போதகர் மாற்றலாகிப் போனதும் திட்டமும் போய்விடுகிறது. ஆகவே அவரைப் பொறுப்பாளராக வைக்காமல் ஆலோசகராக வைப்பது நல்லது. எல்லா வேலையும் அதே நான்கு பேர் தலையில் விழாதபடி, ஒவ்வொருவரின் பொறுப்பும் ஆறு மாதத்துக்கு என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னால் பலர் துணிந்து முன்வருவார்கள். முடிவில்லாத பொறுப்புக்கு யாரும் கைதூக்குவதில்லை.

முதலாண்டு முடிவில் எத்தனை பொட்டலம் கொடுத்தோம் என்று எண்ணுவதோடு நின்றுவிட வேண்டாம். எத்தனை பிள்ளைகள் ஒரு படி ஏறி வாசிக்கிறார்கள், எத்தனை குடும்பங்கள் உதவி கேட்பதை நிறுத்திப் பிறருக்கு உதவ வந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். முதலில் போன வீடுகளுக்கே திரும்பப் போய், எதை நிறுத்தலாம் என்றும் கேட்க வேண்டும். அடுத்த ஆண்டுக்கான குழுவில் பாதி இடம் அந்த வீடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு. கூடத்தின் சாவிகளில் ஒன்றும் அவர்களில் ஒருவரிடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சபைச் சமூகப் பணியில் ஈடுபட்டுள்ள ஒரு வாசகர்